‘நாளைக்கு வாங்க’ என்றால் மறுப்பு: இளநிலை மாணவர்களைக் களத்துக்கு அனுப்பும் முன்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலை ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஆறாம் செமஸ்டரில் வருகிறது. டிசம்பரில் தலைப்பு, பொங்கல் விடுமுறையில் தரவு சேகரிப்பு, மார்ச்சில் ஸ்பைரல் பைண்டிங். இந்த ஓட்டத்தில் ஆய்வு நெறிமுறை என்பது அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும்: “பங்கேற்பாளர்களிடம் ஒப்புதல் பெறப்பட்டது.” யார் போய்க் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று வைவாவில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் “யாருமே மறுக்கலை சார்” என்று பெருமையாகப் பதில் வரும். 120 பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால், மறுக்க வழி வைக்காமல் கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் பாதிப் படிவங்கள் விடுதி அறையில் நிரப்பப்பட்டவை.

தயாரிப்பை ஐந்தாம் செமஸ்டரிலேயே தொடங்கினால்தான் நேரம் கிடைக்கும். வாரம் ஒன்றாக, இரண்டு மணி நேர வகுப்புகள் ஆறு போதும். முதல் வகுப்பு வரலாறு. இரண்டாவதும் மூன்றாவதும் முழுக்க வாய்ப்பேச்சுப் பயிற்சி. நான்காவதில் கேள்வித்தாளை ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்து மேய வேண்டும். ஐந்தாவது, எதிர்பாராத பதில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு. ஆறாவது, சேர்த்த தரவை எங்கே வைப்பது என்பதற்கு. நவம்பர் முடிவதற்குள் முன்மொழிவு, டிசம்பரில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் பார்வை, ஜனவரி முதல் வாரத்தில் ஐந்து பேரிடம் முன்னோட்டம், பிறகுதான் களம்.

வரலாற்று வகுப்பில் நியூரம்பர்க் 1947, ஹெல்சிங்கி 1964, பெல்மான்ட் 1979 என்று ஆய்வு நெறிமுறை ஆவணங்களின் ஆண்டுகளை ஒப்பிக்க வைத்தால் அது இரண்டு மார்க் கேள்வியாக முடிந்துவிடும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோயாளிகளான கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்ததைச் சொன்னால் மாணவர்கள் அதிர்ந்துபோவார்கள். ஆனால் “நாம அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்” என்று தள்ளியும் வைத்துவிடுவார்கள். கம்மம் அப்படித் தள்ளிவைக்க முடியாத உதாரணம். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி செலுத்தும் ஆய்வுத் திட்டம் நடந்தது. 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நடுவில் நேர்ந்த சில மரணங்களுக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. ஏராளமான படிவங்களில் பெற்றோரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் செய்யத் திட்டமிட்டிருப்பவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருப்பது அதே வழிதான்: தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம், வகுப்பாசிரியர் “எல்லாரும் ஃபில் பண்ணுங்க” என்பார், நாற்பது நிமிடத்தில் அறுபது படிவம்.

ஆகவே முதலில் பிரித்துக் காட்ட வேண்டியது மூன்று அனுமதிகளை. தலைமையாசிரியர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர், பனியன் கம்பெனி மேலாளர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஆகியோர் தருவது உள்ளே நுழைய அனுமதி. நெறிமுறைக் குழு தருவது, ஆய்வு நடத்தும் முறையைப் பார்த்துவிட்டுச் சொல்லும் சம்மதம். பங்கேற்பவர் தருவது அவருடைய ஒப்புதல். ஒன்று இருப்பதால் இன்னொன்று வந்துவிடாது. குழுத் தலைவி பத்துப் பெண்களை வரிசையாக உட்காரவைத்து “சொல்லுங்கடி” என்றால் வேலை சுலபமாக முடியும். ஆனால் அடுத்த கடன் தவணை யார் கையில் இருக்கிறது என்று அந்தப் பத்துப் பேருக்கும் தெரியும். தலைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர் இல்லாத நேரத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்று தலைவிக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது.

இனி நெறிமுறைக் குழு பற்றி. உடல்நலம் சார்ந்த எந்த ஆய்வுக்கும், அது வெறும் கேள்வித்தாள் ஆய்வாக இருந்தாலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டிதான் அளவுகோல். அதன்படி குழுவில் 7 முதல் 15 பேர் இருக்கலாம். தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். சட்டம் தெரிந்தவர், சமூகவியல் துறையினர், துறை சாராத பொதுமனிதர் ஆகியோரும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் கூட்டத்தில் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். சிறிய கல்லூரிகள் பலவற்றில் இப்படியொரு குழு கிடையாது. அப்போது பக்கத்து நிறுவனத்தின் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வாடிக்கையாளர் விருப்பம், பேருந்துப் பயண வசதி போன்ற தலைப்புகளுக்குத் துறை அளவில் மூவர் குழு போதும். அதில் ஒருவர் வேறு துறைக்காரராகவும் ஒருவர் கல்லூரிக்கு வெளியே இருப்பவராகவும் இருக்கட்டும். நோயாளிகள், பதினெட்டு வயது நிறையாதவர்கள், வன்முறை, தற்கொலை, பாலியல் என்று தலைப்பு போனால் மூவர் குழு கை வைக்கக் கூடாது. தரவு சேகரித்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி வாங்கும் பழக்கம் இருக்கிறதே, அதைக் கண்ட மாணவர் ஆறு வகுப்புகளையும் அன்றே மறந்துவிடுவார்.

இனி வாய்ப்பேச்சு. இதற்கு இரண்டு வகுப்புகள் கேட்டதற்குக் காரணம் உண்டு.

ஆங்கில மாதிரியைப் பார்த்து எழுதிய தகவல் தாளில் “இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது தன்னார்வ அடிப்படையிலானது” என்று இருக்கும். இதைக் களத்தில் வாய்விட்டுப் படித்தால் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதைவிடச் சிக்கல், நாம் சாதாரணமாக நினைக்கும் சொற்களுக்கு ஊரில் வேறு பொருள் இருப்பது. ‘ஆய்வு’ என்றால் கலெக்டர் ஆய்வு. யாரோ அதிகாரி சோதனைக்கு அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். ‘சர்வே’ என்றால் நிலம் அளக்க வந்தவர்கள். ‘பேட்டி’ என்றால் டிவியில் வரும். கையில் படிவமும் பேனாவுமாக வந்து குடும்ப வருமானம் கேட்டால், 2023 செப்டம்பருக்குப் பிறகு பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மகளிர் உரிமைத் தொகைதான். உண்மையைச் சொன்னால் பணம் நின்றுவிடுமோ, இவர்களிடம் சொன்னால் நமக்கும் கிடைக்குமோ என்ற இரண்டு எண்ணங்களும் ஒப்புதலைக் கெடுக்கும், தரவையும் கெடுக்கும்.

ஆகவே ஒவ்வொரு மாணவரும் தன் ப்ராஜெக்டுக்கான முதல் இரண்டு நிமிடப் பேச்சைத் தன் வட்டார வழக்கில் எழுதி வர வேண்டும். கிட்டத்தட்ட இப்படி:

“வணக்கம்மா. நாங்க காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறோம். தண்ணி பிடிக்கிறதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு இந்தத் தெருவுல கேட்டு எழுதுறோம். எங்க படிப்புக்காகத்தான். நாங்க கவர்மெண்ட்ல இருந்து வரலை. இதனால எந்தப் பணமும் வராது, வர்ற பணமும் நிக்காது. இருபது நிமிஷம் ஆகும். உங்க பேரை எழுத மாட்டோம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவுல போதும்னு சொன்னா எழுந்து போயிடுவோம். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லலாம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்லை.”

இதைச் சொன்னதும் “புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். “ஏதோ லோனுக்கு எழுதிட்டுப் போறாங்க” என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும்.

மறுப்பை அடையாளம் காண்பது இதைவிடக் கடினம். நம் ஊரில் வீட்டு வாசலுக்கு வந்த பிள்ளைகளிடம் யாரும் “முடியாது” என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. “நாளைக்கு வாங்க”, “அடுப்புல வேலையா இருக்கேன்”, “அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்”, “எனக்கு என்ன கண்ணு தெரியும், பக்கத்து வீட்ல கேளுங்க”. இவை மறுப்புகள். சில சமயம் நிஜமாகவே அடுப்பில் வேலை இருக்கலாம்தான். அதற்காக ஒருமுறை, ஒரே ஒருமுறை மறுபடி போகலாம். இரண்டாவது தடவையும் இதே பதில் வந்தால் மறுப்பு என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது, கண் வாசலையே பார்ப்பது, மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் குரல் மாறுவது ஆகியவையும் நடுவில் எழுந்து போகச் சொல்லும் குறிப்புகளே.

பயிற்சிக்கு மூவர் மூவராகப் பிரிக்கலாம். ஒருவர் கேட்பவர், ஒருவர் பதில் சொல்பவர், ஒருவர் கவனிப்பவர். பதில் சொல்பவரிடம் மேற்சொன்ன மறுப்புகளில் ஒன்றை எழுதிய சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். கேட்பவருக்கு அது தெரியாது. ஐந்து நிமிடம் ஓடவிட்டால், பெரும்பாலான மாணவர்கள் மறுப்பைத் தாண்டிக் கேட்டுக்கொண்டே போவார்கள். அதிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “ப்ளீஸ்க்கா, இது இல்லைன்னா எனக்கு மார்க் போயிடும்.” நம்மிடம் உறவுச்சொல் வெறும் மரியாதைக்காக வருவதில்லை, ‘அக்கா’ என்று கூப்பிட்டு இப்படிக் கெஞ்சினால் அந்த அக்காவால் மறுக்க முடியாது. இந்த வாக்கியத்தைத் தடை செய்துவிட வேண்டும். கூடவே, மறுப்புகளைக் குறிக்க ஒரு தனித் தாள்: தேதி, தெரு, மறுத்தவர் ஆணா பெண்ணா, சொன்ன வார்த்தை. பெயர் வேண்டாம். வழிகாட்டி ஆசிரியர் அந்தத் தாளை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மறுப்பைக் குறிப்பது தோல்வியைப் பதிவுசெய்வது போல மாணவருக்குத் தோன்றாது.

பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போகும்போது அங்கேயே தரவு சேகரித்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. தண்ணீர், பேருந்து போன்ற விஷயங்களுக்குப் பரவாயில்லை. கடன், குடி, கணவன் மனைவி சண்டை பற்றிய ஆய்வென்றால் சொந்தத் தெரு வேண்டாம். இந்த ஆண்டு பங்கேற்பாளராக இருக்கும் பெரியம்மா அடுத்த ஆண்டும் பெரியம்மாதான்.

கையெழுத்துக்கும் பயம் உண்டு. நிலம், ஜாமீன், குழுக் கடன் என்று கையெழுத்தால் பட்டவர்கள் நிறையப் பேர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் “இங்கே ஒரு கையெழுத்து” என்றதும் பின்வாங்கினால், அவர் பேச மறுக்கவில்லை, தாளுக்குத்தான் பயப்படுகிறார். அபாயம் குறைந்த ஆய்வுகளில் வாய்மொழி ஒப்புதலுக்குக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுத்து ஒப்புதலே வேண்டுமென்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக முழு விளக்கத்தையும் கூட இருந்து கேட்க வேண்டும். பிறகு கைரேகை, அதன் கீழே சாட்சியின் கையெழுத்து. கூட வந்த வகுப்புத் தோழர் சாட்சியாக முடியாது.

வயதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. ‘கல்லூரி மாணவர்களின் கைப்பேசிப் பழக்கம்’ என்று தலைப்பு வைத்து முதலாமாண்டு வகுப்புக்குள் போவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான், சட்டப்படி குழந்தைகள். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் அவர்களைச் சேர்க்க முடியாது. இரண்டாமாண்டிலிருந்து எடுப்பது அல்லது பிறந்த தேதியை முதல் கேள்வியாக வைத்து வடிகட்டுவது எளிய வழி. பள்ளி மாணவர்கள் என்றால், 2017 வழிகாட்டிப்படி பெற்றோர் ஒப்புதலோடு 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்து இசைவும் வேண்டும். பெற்றோர் சரி என்று சொல்லியும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால், அங்கே பிள்ளையின் பதில்தான் முடிவு.

கேள்வித்தாளில் எல்லோரும் சிக்குவது மனச்சோர்வுக் கேள்விகளில். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 அளவுகோலை எடுத்து கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிடுகிறார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று குறித்தால் அவரை எப்படித் தேடிப் போவது? தேட முடியாது என்று தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. அதை நீக்கிய பி.எச்.க்யூ-8 என்ற வடிவம் இருக்கிறது. இளநிலை மாணவர்களின் ஆன்லைன் ஆய்வுக்கு அதுவே சரி. ஒன்பதாவது கேள்வி வேண்டும் என்றால் நேரில்தான் கேட்க வேண்டும், படிவத்தை அங்கேயே பார்த்துவிட வேண்டும். அந்தப் பதில் வந்தால் மாணவர் அறிவுரை சொல்லத் தொடங்கக் கூடாது. “இப்படி எழுதியிருக்கீங்க. இப்பவும் அப்படித் தோணுதா?” என்று நேராக, பதறாமல் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், அங்கிருந்தே வழிகாட்டி ஆசிரியருக்குப் போன். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவர் முன்னிலையில் சேர்ந்தே அழைக்கலாம். தகவல் தாளின் கடைசி வரியில் இந்த எண்ணை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் யாரையும் தனியாகச் சுட்டியதுபோல் ஆகாது. ஆசிரியர் அன்று போன் எடுப்பாரா என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்; களத்தில் மாணவர்கள் இருக்கும் நாளில் அவர் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தால் மாற்று எண் ஒன்று வேண்டும்.

“நீங்க சொல்றதை யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்ற வாக்குறுதியையும் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ தெரியவந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு, மாணவருக்கும் இதே சட்டம்தான். ஆகவே பள்ளியிலோ விடுதியிலோ செய்யும் ஆய்வின் தகவல் தாளிலேயே, “யாராவது ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்” என்று முன்பே எழுதிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு சொல்வது ஏமாற்று.

நர்சிங், ஊட்டச்சத்துத் துறை மாணவர்கள் எடை, ரத்த அழுத்தம் எடுப்பார்கள். வகுப்பறையில் எடையைச் சத்தமாகச் சொல்லி இன்னொருவர் எழுதுவது வழக்கம். அந்த எண் அன்று மாலையே பட்டப்பெயராகிவிடும். திரைக்குப் பின்னால் பார்த்து, சொல்லாமல் எழுத வேண்டும். ரத்த அழுத்தம் 180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் சேர்ந்திருந்தால் 108. ‘நாங்க ஆராய்ச்சிக்குத்தான் எடுத்தோம்’ என்று படிவத்தில் எழுதிக்கொண்டு போக முடியாது.

சாதிக் கேள்வி பெரும்பாலான கேள்வித்தாள்களில் பழக்கத்தால் வருகிறது: பெயர், வயது, மதம், சாதி. ஆய்வுக் கேள்விக்குத் தேவையில்லையென்றால் எடுத்துவிட வேண்டும். தேவையென்றால் உட்சாதி வேண்டாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு போதும். அதையும் பேச்சு பழகிய பிறகு, பேட்டியின் கடைசியில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, அட்டையைக் காட்டித் தொடச் சொல்லலாம். ஆதார் எண், ரேஷன் கார்டு எண் எதற்கும் வேண்டாம்.

தரவு கசிவது எங்கே என்று மாணவர்களைக் கேட்டால் ஹேக்கர் என்பார்கள். நிஜத்தில் கசிவது ஜெராக்ஸ் கடையில். பிரின்ட் எடுக்க, பேட்டி எழுத்துப்படி இருக்கும் கோப்பைக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார்கள். அது அவருடைய கணினியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அடுத்தது கைப்பேசி. பதிவுசெய்த குரல் தானாகவே கூகுள் டிரைவுக்கு ஏறிவிடும், அதே கணக்கு வீட்டில் தம்பியின் போனிலும் திறந்திருக்கும். பதிவுக்கு முன் ஃப்ளைட் மோட், தானியங்கி பேக்கப் நிறுத்தம், அன்று மாலையே துறைக் கணினிக்கு மாற்றம், போனிலும் குப்பைத் தொட்டிக் கோப்புறையிலும் அழிப்பு. எழுத்துப்படிக்கு இலவச ஆப்களில் குரலை ஏற்றுவது, முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்கு அந்தக் குரலைக் கொடுப்பது. பெயருக்குப் பதில் ‘ப-07’ போன்ற குறியீடு. பெயரும் குறியீடும் சேர்ந்திருக்கும் தாள் ஆசிரியரின் பூட்டிய அலமாரியில், படிவங்கள் வேறிடத்தில். பெயரை எடுத்தால் மட்டும் போதாது: “எங்க மாமா இந்த ஊர் பஞ்சாயத்துத் தலைவர்” என்ற ஒரு வரி ஆளைக் காட்டிக்கொடுக்கும். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று அனுப்பும் முன் பார்க்க வேண்டும்; அது ஓடிக்கொண்டிருக்க, மேலே ‘பெயர் வெளியிடப்படாது’ என்று எழுதிய படிவங்கள் நிறைய.

புகைப்படம் தனித் தலைவலி. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் குழுவுக்கான ஆவணம் என்று கல்லூரி நிர்வாகம் களப்பணியின் ஜியோ டேக் போட்ட படங்களைக் கேட்கும். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரத்தோடு ஒரு பெண் தன் வீட்டு வாசலில் மாணவியிடம் பேசிக்கொண்டிருக்கும் படம் கல்லூரி இணையதளத்துக்குப் போகும். அறிக்கையிலோ அவர் ‘ப-07’. இதற்குச் சண்டை போடத் தேவையில்லை. ஊர்ப் பெயர்ப்பலகைக்குக் கீழே மாணவர்கள் மட்டும் நின்று ஒரு படம் எடுத்தால் ஆவணத்துக்கு அது போதும்.

மாதிரி அளவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் போலிப் படிவங்களின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு மாணவர் நேர்மையாக ஒப்புதல் வாங்கி, இருபது நிமிடம் பேசி, அடுத்த வீடு தேடிப் போனால் ஒரு நாளில் ஆறேழு பேரைத்தான் பார்க்க முடியும். பொங்கல் விடுமுறையில் ஐந்து வேலை நாள் கிடைத்தால் முப்பது, முப்பத்தைந்து. 120 கேட்கும் ஆசிரியர் மீதியை அவரே வரவழைத்துக்கொள்கிறார். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஐந்து புள்ளி அளவுகோலில் எல்லாம் ‘3’, தொடர்ச்சியான படிவங்களில் ஒரே வயது என்று போலி கண்ணுக்குத் தெரியும். முப்பது பேரை வைத்து விரிவாக எழுதலாம் என்று தலைப்புக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் இந்தக் கண்டுபிடிப்பு வேலையே தேவைப்படாது.

ப்ராஜெக்ட் முடிந்ததும் படிவங்கள் மாணவரோடு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆய்வு முடிந்த பிறகு ஆவணங்களைக் குறைந்தது மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. துறை அலமாரியில், உறை மேல் அழிக்க வேண்டிய தேதியை எழுதி ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் தேதி வந்ததும் கிழித்தோ எரித்தோ விட வேண்டும். எடைக்குப் போட்டால் பழைய பேப்பர் கடை வழியாக அவை பஜ்ஜிக் கடைக்குப் போய்ச் சேரும்.